இரு செவியும் ஒரு கருவியும்

இயற்கை நமக்கு இரண்டு செவிகளை அளித்திருப்பது, ஒன்று பழுதானால் மற்றொன்று உதவட்டும் என்பதற்காக மட்டுமன்று. மாட்டுங்காவின் கடைத்தெருவில் கண்ணை மூடி நின்றாலும், பூ விற்பவரின் குரல் இடப்புறம், கைவண்டியின் ஓசை பின்புறம் என்று நாம் அறிந்துகொள்கிறோம். இடப்புறத்து ஒலி இடச் செவியை முதலில் எட்டுகிறது. வலச் செவியை அடைய ஒரு விநாடியில் பதினாயிரத்தில் ஏழு பங்கு வரை தாமதமாகிறது. தலை மறைப்பதால் அதன் வலிமையும் குறைகிறது. முன், பின், மேல், கீழ் என்ற வேறுபாட்டைச் செவிமடலின் மடிப்புகள் காட்டுகின்றன. இவற்றைக் கொண்டே மூளை திசையை நிர்ணயிக்கிறது.

இந்த நுட்பத்தின் மீது அமைந்ததே ‘பைனாரல்’ எனப்படும் இருசெவி ஒலிப்பதிவு. மனிதத் தலை போன்ற உருவத்தின் இரு காதுகளிலும் மைக்ரோபோன்களைப் பொருத்திப் பதிவு செய்வார்கள். 1933ஆம் ஆண்டு சிகாகோ கண்காட்சியில் பெல் ஆய்வுக்கூடத்தார் ‘ஆஸ்கர்’ என்னும் இத்தகைய பொம்மையை மக்கள் முன் வைத்தனர். சண்முகானந்த அரங்கின் ஓர் இருக்கையில் அப்படியொரு தலையை அமர்த்திக் கச்சேரியைப் பதிவு செய்தால், பின்னர் கேட்பவருக்கு வயலின் ஒருபுறமும் மிருதங்கம் மறுபுறமும் ஒலிக்க, கரகோஷம் முதுகுப்புறத்தில் எழும்.

ஆனால் ஒலிபெருக்கியில் கேட்டால் இடப்பக்கத்து ஒலி இரு செவிகளிலும் கலந்துவிடும். ஆகவே ஹெட்போனோ இயர்போனோ இன்றியமையாதது. எதைத் தேர்ந்தெடுப்பது?

அதைக் கேட்கும் இடமே தீர்மானிக்கும். செம்பூரில் தனியறையும் இரவின் அமைதியும் வாய்த்தவர், முதுகுப்புறம் திறந்த வகை ஹெட்போனை வாங்கலாம். ஒலி விசாலமாகத் தோன்றும். ஆனால் அது வெளியோசையை உள்ளே விடும். உள்ளோசையை வெளியே விடும். தாராவியில் ஒரே அறையில் பிள்ளை படிக்க, பெரியவர் உறங்க, நாம் கேட்பதானால் மூடிய வகையே தகும். மின்சார ரயிலில் செல்பவருக்குச் செவித்துளையை நன்கு அடைக்கும் இயர்போன் ஏற்றது. அதன் ரப்பர் நுனிகளில் நம் செவிக்குப் பொருந்தும் அளவைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒருபுறம் தளர்ந்தாலும் கீழ்ச்சுருதிகள் மெலிந்து, திசையும் பிறழும்.

எவ்வகையாயினும் இருபுறமும் சமமாக ஒலிப்பதே தலையாய தகுதி. இதைச் சோதிக்க எளிய வழியுண்டு. வானொலிச் செய்தி போன்ற ஒற்றைக் குரலைக் கேளுங்கள். அது தலையின் நடுவே நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், கருவியை இடம் வலமாக மாற்றி அணியுங்கள். சாய்வும் உடன் மாறினால் குறை கருவியில்; மாறாவிட்டால் நம் செவியில் இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுவது நலம். பின்னர் கருவியை உரிய புறத்தில் அணிந்துகொள்க. கைப்பேசியில் ‘மோனோ’ அமைப்பும், ஒலியைச் செயற்கையாக விரிக்கும் அமைப்புகளும் அணைந்திருக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் முன்னால் இருக்க வேண்டிய குரல் தலைக்குள் கேட்டால், கருவியைப் பழிக்க வேண்டா. அந்தப் பொம்மையின் செவிமடல் வேறு, நம் செவிமடல் வேறு.

ரயிலின் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுவது பெருந்தீங்கு. 80 டெசிபெல் ஒலியை வாரத்திற்கு 40 மணி வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபெல்லானால் 4 மணி மட்டுமே. தண்டவாளத்தையும் சாலையையும் கடக்கும்போது கருவியைக் கழற்றிவிட வேண்டும்.

காதில் அணியும் சிறு மைக்ரோபோன்கள் இப்போது கிடைக்கின்றன. திருநெல்வேலிச் சீமையிலுள்ள பாட்டியின் பேச்சை, முற்றத்துக் காக்கையின் கரைதலோடும் கிணற்று ராட்டினத்தின் ஓசையோடும் பதிவு செய்து வரலாம். அதைத் தாராவியில் பிறந்த பேரக்குழந்தை கேட்கும்போது, ஊரின் நடுவே அமர்ந்திருப்பதாக உணரும். அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. இரு செவிக்கும் நடுநிலை தவறாத கருவியே போதும்.