ஒலிப்பதிவில் மின்முரலும் அதனை நீக்கும் நெறியும்

மக்கள் பேச்சையும் நாட்டுப்பாடல்களையும் ஒலிநாடாவிற் பதிந்து ஆராய்தல் மொழியாராய்ச்சியின் இன்றியமையாப் பகுதியாயிற்று. அவ்வாறு பதிந்த பழைய நாடாக்கள் பலவற்றில், பேசுவோர் குரலுக்கு அடியில் வண்டு முரல்வது போன்ற ஓர் ஒலி இடையறாது கேட்கும். ஒலிப்பதிவாளர் இதனை 'ஹம்' என்பர்; நாம் ஈண்டு மின்முரல் என்போம். இன்று கணிப்பொறியின் துணையால் இதனை எளிதில் நீக்கலாம். ஆயினும், எளிது என்பது பற்றி ஆராயாது நீக்கின், முரலோடு மொழிச்சான்றும் உடன் அழியக்கூடும். அஃது எவ்வாறு என விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் முரலின் தோற்றத்தை நோக்குவோம். நம் நாட்டில் வழங்கும் மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண் நொடிக்கு 50. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 60. மின்மாற்றியின் அருகே ஒலிவாங்கியின் கம்பி செல்லினும், கருவிகள் இரண்டை வெவ்வேறிடத்தில் நிலத்தோடு இணைப்பினும், இவ்வதிர்வு பதிவிற் புகும். அது தனித்து வருவதன்று. 100, 150, 200 எனத் தன் மடங்குகளையும் உடன்கொண்டு வரும்.

இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகின்றது. ஆடவர் குரலின் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் 100-ஐ ஒட்டியும் சற்று மேலாகவும், மகளிர் குரலினது 200-ஐ ஒட்டியும் அமையும். எனவே முரலும் குரலும் ஓரிடத்தே கலந்து நிற்கின்றன. 'பட்டம்', 'பண்டம்' என்னும் இரு சொற்களைக் காண்க. முன்னதன் டகரம் ஒலிப்பிலா ஒலி. மெல்லெழுத்தை அடுத்து வரும் பின்னதன் டகரம் ஒலிப்புடை ஒலி. ஒலி நிறமாலை வரைபடத்தில், ஒலிப்புடை வல்லெழுத்தின் அடைப்பு நேரத்தே தாழ்ந்த அதிர்வெண் பகுதியில் ஒரு கறுத்த பட்டை தோன்றும். ஒலிப்பிலா ஒலிக்கு அஃது இல்லை. முரல் மிக்க பதிவிலோ 'பட்டம்' என்பதன் அடைப்பிலும் அத்தகைய பட்டை காணப்படும். மாறாக, முரலை ஒழிக்கக் கருதி 300-க்குக் கீழ்ப்பட்ட அதிர்வுகளை எல்லாம் வெட்டிவிடின், 'பண்டம்' என்பதன் பட்டையும் மறைந்தொழியும். முன்னது இல்லாததை உளதாகக் காட்டும்; பின்னது உள்ளதை இலதாகக் காட்டும். வட்டார வழக்குகளில் வல்லெழுத்தின் ஒலிப்பை ஆராய்வார்க்கு இவ்விரண்டும் ஒப்பத் தீங்கு பயப்பனவே.

ஆதலின் பரந்த வெட்டினை விடுத்து, 50-இலும் அதன் மடங்குகளிலும் மட்டும் மிகக் குறுகிய இடைவெளி செய்யும் வடிகட்டியே கொள்ளத்தக்கது. அதற்கும் எல்லை உண்டு. இடைவெளி குறுகக் குறுக, வடிகட்டியின் அதிர்வு அடங்குதற்குக் காலம் நீளும். அது மெய்யொலிகளின் கூர்மையை மழுக்கக்கூடும். மற்றொரு முறை, முரலின் மாதிரியை வேறாகப் பெற்று, அது மாறுந்தோறும் தானும் மாறிக் கழிப்பது. பெர்னார்டு விட்ரோவும் உடனாய்வாளரும் இதனை 1975-இல் விரிவாக விளக்கினர். இதயத்துடிப்பு வரைவில் புகும் 60 அதிர்வு இடையூற்றை நீக்குதல் அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று.

முரல் வெறும் மாசு மட்டுமன்று. ஒருவகையிற் சான்றும் ஆகும். களத்திற் பதிந்த முரல் 50-ஆக இருந்து, நாடாவை ஓட்டுங்கால் 51-ஆகக் கேட்குமாயின், நாடா நூற்றுக்கு இரண்டு பங்கு விரைந்து ஓடுகின்றது எனக் கருதலாம். அவ்வழிக் குரலும் அவ்வளவே உயரும். உயிரெழுத்துகளின் கால அளவும் அவ்வளவே குறையும். எனினும், நம் நாட்டு மின்வழங்கலில் முன்னாளில் அதிர்வெண் 49-க்கும் கீழே இறங்கியதுண்டு. ஆகலின் முரல் ஒன்றையே நம்பாது, உடன் பதிந்த இசைக்கருவியின் சுருதி முதலியவற்றோடு ஒப்பிட்டுத் துணிதல் வேண்டும். இவ்வாய்வு முடியுமுன் முரலை நீக்கிவிடின், பின்னர் ஒப்பிட யாதும் எஞ்சாது.

இவற்றால் நாம் வலியுறுத்துவன மூன்று. முதலாவது, நாடாவில் உள்ளதை உள்ளவாறே, எவ்வகைத் திருத்தமும் இன்றி, எண்முறைப் படியாக்கிக் காத்தல் வேண்டும். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும், 24 பிட் அளவிலும் நொடிக்கு 48,000-க்குக் குறையாத மாதிரி வீதத்திலும் இவ்வாறு படியெடுக்கவே பரிந்துரைக்கின்றது. இரண்டாவது, முரல் நீக்கத்தைப் பிறிதொரு படியிலேயே செய்து, எவ்வதிர்வெண்ணில் எவ்வளவு அகலம் நீக்கப்பட்டது எனக் குறித்துவைத்தல் வேண்டும். மூன்றாவது, கேட்டு எழுதுதற்குத் தூய்மை செய்த படியைக் கொள்ளினும், ஒலியளவைக்கு மூலப்படியையே கொள்ளுதல் வேண்டும்.

இனிக் களம் செல்லும் மாணவர், மின்கலத்தால் இயங்கும் கருவியைக் கொண்டு, மின்மாற்றிகளுக்கும் குழல்விளக்குகளுக்கும் விலகி அமர்ந்து பதிவாராயின், முரல் பெரும்பாலும் புகாது. பழைய நாடாக்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவற்றிற் பேசியோர் பலர் இன்று இலர். மீண்டும் சென்று கேட்டல் இயலாது. சுவடியில் ஏட்டைத் துடைக்கப் புகுந்து எழுத்தைத் துடைத்தல் எத்தகைய பிழையோ, அத்தகையதே முரலைத் துடைக்கப் புகுந்து குரலைத் துடைத்தலும் என்க.