ஃப்ரீசரில் வைத்த கிரேவி தண்ணீர் விடுவது ஏன்?

ஞாயிற்றுக்கிழமை திருச்சி காந்தி மார்க்கெட்டில் மொத்தமாகக் காய்கறி வாங்கி, வாரம் முழுக்க வருமாறு கிரேவி செய்து ஃப்ரீசரில் வைக்கும் வீடுகளில் இந்தப் புலம்பல் சகஜம்: “வைக்கிறப்ப கெட்டியா இருந்துச்சு, இப்ப தண்ணி விட்டுப்போச்சே!” அதற்காகக் கொட்ட வேண்டாம். கெட்டுப்போகவில்லை, இது சோள மாவு செய்கிற வேலை.

மாவு கொதிக்கும்போது அதிலுள்ள ஸ்டார்ச் நீரை இழுத்து உப்புகிறது. உறையும்போதோ நீர் பனிக்கட்டியாகப் பிரிய, அமிலோஸ் என்ற நீளச் சங்கிலிகள் நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. பனி உருகினாலும் அந்தப் பிடி தளர்வதில்லை. வெளியேறிய நீருக்கு மறுபடி உள்ளே இடமில்லை. சோள மாவு ஸ்டார்ச்சில் அமிலோஸ் சுமார் 25 சதவீதம். மரவள்ளியில் 17 சதவீதம் அளவுதான் என்பதால், அது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். திரும்பத் திரும்ப உறைந்து உருகினால் அதுவும் கைவிட்டுவிடும்.

ஐஸ்கிரீம் டப்பாவில் 412 என்று ஓர் எண் இருக்கும். அது கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பசை. ஆம், மார்க்கெட்டில் பொரியலுக்கு வாங்கும் அதே கொத்தவரைதான். நீரைப் பிடித்துவைத்து, பனித்துகள் பெரிதாகாமல் தடுக்கிறது.

வீட்டுக்கு எளிய வழி, மாவு சேர்க்காமல் உறையவைத்து, சூடாக்கும் நாளில் கரைத்து ஊற்றுவது. ஏற்கெனவே பிரிந்துவிட்டதென்றால், கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டால் ஓரளவு சேர்ந்துவரும்.