பெயரிழந்த போர்வீரர்

கெற்றிஸ்பேர்க் என்றதும் மீட், லீ என்னும் இரு தளபதியரே வரலாறு கற்போர் நினைவுக்கு வருவர். 1863ஆம் ஆண்டு யூலை மாதத்து முதல் மூன்று நாட்களில், பென்சில்வேனியா மாநிலத்து அச்சிற்றூரில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் வடபடையும் தென்படையும் பொருதன. இறந்தோர், காயமுற்றோர், சிறைப்பட்டோர், காணாமற்போனோர் என இருதிறத்தும் ஏறத்தாழ 51,000 பேர் கணக்கிடப்பட்டனர். வீரர்க்கு அரசு அடையாளத் தகடு வழங்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. ஆதலின் வீழ்ந்தவனது பெயர், அவன் சட்டைப்பையிற் கிடந்த கடிதத்தையோ அருகில் நின்ற தோழனையோ நம்பியிருந்தது.

வெஸ்லி கல்ப் என்பவர் கெற்றிஸ்பேர்க்கிலேயே வளர்ந்தவர். தொழில் நிமித்தம் வேர்ஜினியா சென்று, அங்கே தென்படையிற் சேர்ந்தார். உடன்பிறந்த வில்லியமோ வடபடையிற் சேர்ந்தார். பகைவராய்த் தம் ஊருக்கு மீண்ட வெஸ்லி, தம் குடிப்பெயரையே தாங்கிய குன்றின் அருகே மாண்டார். அவருடல் எங்கு அடக்கமாயிற்று என்பது இன்றுவரை துணியப்படவில்லை.

முதல் நாட் போரில் மடிந்த வடபடை வீரர் ஒருவர் கையில், மூன்று குழந்தைகளின் உருவம் பதிந்த கண்ணாடி நிழற்படம் இருந்தது. பெயரை உணர்த்தும் குறிப்பு வேறொன்றுமில்லை. அப்படம் பிலடெல்பியா மருத்துவர் ஒருவர் கைக்கு வந்தது. நிழற்படத்தை அச்சிடும் வசதி அந்நாட் பத்திரிகைகளுக்கு இல்லாமையால், அதனைச் சொல்லாலேயே வருணித்து ஒக்ரோபர் மாதத்தில் வெளியிட்டனர்: மூத்த சிறுவனின் மேற்சட்டையும் சிறுமியின் உடையும் ஒரே துணியாலானவை என்னும் சிறு குறிப்பும் அதில் இருந்தது. நியூயோர்க் மாநிலத்துப் போர்ட்வில் என்னும் ஊரிலே, கணவனிடமிருந்து கடிதம் வாராது கலங்கியிருந்த பிலின்டா ஹியூமிஸ்ரன் அச்செய்தியைக் கண்டார். அத்தகைய படமொன்றைக் கணவனுக்கு அனுப்பியவர் அவரே. படத்தின் பிரதி வந்தபோது ஐயம் நீங்கிற்று. இறந்தவர், குதிரைச் சேணம் முதலியன செய்யுந் தொழிலாளியாயிருந்த ஏமொஸ் ஹியூமிஸ்ரன். படைப் பதிவேடு காட்டாத பெயரைக் குழந்தைகளின் உடை காட்டிற்று எனலாம்.

அப்படம் நாடெங்கும் விற்பனையாயிற்று. வீரரின் அநாதைக் குழந்தைகளுக்கென 1866இல் கெற்றிஸ்பேர்க்கில் இல்லமொன்று திறக்கப்பட்டது. பிலின்டாவும் மக்களும் சிலகாலம் அங்கு வாழ்ந்தனர். இரக்கத்தால் எழுந்த அவ்வில்லம், பின்னர் குழந்தைகளைக் கொடுமைப்படுத்தியதென்ற பழிக்கு ஆளாகி 1877இல் மூடப்பட்டமை வருந்தத்தக்கது.

1863 நவம்பர் 19இல் இலிங்கன் உரையாற்றிய இடுகாட்டிலே ஹியூமிஸ்ரனின் கல்லிற் பெயருண்டு. அங்கு அடக்கமான வடபடையினருள் பெயரறியாதோர் 979 பேர். அவர்தம் சிறு கற்களில் எண் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளது. தென்படையினர்க்கென அங்கு இடம் ஒதுக்கப்படவில்லை. போர்க்களத்துக் குழிகளிற் கிடந்த அவருடல்களுட் பெரும்பாலானவை 1870களின் தொடக்கத்திலேயே தென்மாநிலங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன.