ஆளுக்கொரு பாட்டு

பாட்டுக் கட்டத் தெரியாதவரை ஒரு பொருட்டாகவே மதிக்காத சமூகம் ஒன்று அந்தமானில் இருந்தது. அதன் கடைசிக் குரல்களில் ஒன்று போவா பாட்டியுடையது.

2010 ஜனவரி 26. நாடு குடியரசு நாளைக் கொண்டாடிக்கொண்டிருந்த அன்று, அந்தமானில் போவா சீனியர் என்ற மூதாட்டி கண்மூடினார். வயது ஏறக்குறைய 85. ‘போ’ மொழி பேசத் தெரிந்த கடைசி மனிதர் அவர். ஒரு பழங்குடி மொழி அவரோடு முடிந்துபோனதை உலகம் முழுவதும் செய்தித்தாள்கள் எழுதின. அவர் பேசியதைப் பற்றி எழுதினார்கள். அவர் பாடியதைப் பற்றியும் நாம் பேசியாக வேண்டும். ஏனென்றால், அவர் பிறந்த இனத்தில் பாட்டு என்பது வித்வான்களின் சொத்தாக இருந்ததே இல்லை.

போவா பாட்டி கிரேட் அந்தமானியர் என்று அழைக்கப்படும் மக்களைச் சேர்ந்தவர். வட அந்தமான் முதல் தென் அந்தமான் வரை பத்துக் குழுக்களாகப் பிரிந்து, பத்து மொழிகள் பேசி வாழ்ந்தவர்கள் அவர்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர்களோடு பழகிய ஆங்கிலேய அதிகாரி எம்.வி. போர்ட்மன், அவர்களின் இசையைப் பற்றி 1888-ல் தனிக் கட்டுரையே எழுதினார். அங்கே எல்லாரும் பாட்டுக் கட்டுவார்கள். ஆணோ பெண்ணோ, பாட்டுக் கட்டத் தெரியாவிட்டால் மதிப்பில்லை. சின்னப் பிள்ளைகள்கூடச் சொந்தமாகப் பாட்டுக் கட்டுவார்கள் என்று அவர் குறித்துவைத்திருக்கிறார்.

நம் ஊரில் பாட்டு வாத்தியாரிடம் போய் சரளி வரிசை தொடங்கினால்தான் சங்கீதம் என்று நினைக்கிறோம். அவர்களுக்கோ நீந்துவதும் அம்பு எய்வதும் எப்படியோ, பாட்டும் அப்படித்தான். சிறு வயதிலேயே கூடவே வளர்ந்துவிடும்.

ஒரு பாட்டு பிறந்த விதம்

மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் 1906 முதல் 1908 வரை அந்தமானில் தங்கி ஆய்வு செய்தார். 1922-ல் வெளிவந்த அவருடைய நூலில், ஒரு பாட்டு எப்படிப் பிறந்து அரங்கேறுகிறது என்பதை விவரமாகச் சொல்லியிருக்கிறார்.

ஒருவர் மரத்தைக் குடைந்து தோணி செய்துகொண்டிருப்பார். அல்லது வில் செதுக்குவார், துடுப்பு வலிப்பார். கை வேலையில் இருக்கும்போதே வாய் ஒரு வரியை முணுமுணுக்கும். பிடிக்காவிட்டால் மாற்றிப் பார்ப்பார். மனசுக்குத் திருப்தியாகும் வரை தனக்குத் தானே மெதுவாகப் பாடிக்கொண்டே இருப்பார். பாட்டு பெரும்பாலும் ஓரிரு வரிதான். பன்றி வேட்டை, ஆமை பிடித்தது, தோணி கட்டியது என்று அன்றாடம் கண்டதும் செய்ததும்தான் பொருள். சுரங்களும் மிகச் சில. ஒன்றையொன்று ஒட்டினாற்போல நிற்பவை.

பாட்டு தயாரானதும், ஊர் கூடி ஆடும் இரவுக்காகக் காத்திருப்பார். அதற்கு முன்பே, தன் வீட்டுப் பெண்கள் ஓரிருவருக்குப் பல்லவியைச் சொல்லிக்கொடுத்துவிடுவார். அவர்கள்தான் மற்றப் பெண்களுக்குப் பின்பாட்டில் வழிகாட்ட வேண்டும்.

அந்த இரவில் மேளமும் பாடகர் வசமே. கேடயம் போலக் குடைந்த ஒரு மரப்பலகை இருக்கும். அதன் கூரான முனையைத் தரையில் ஊன்றி, ஒரு காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு காலால் அதன்மேல் மிதித்துத் தாளம் போடுவார். வாயில் பாட்டு, காலில் தாளம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, தொடையில் தட்டித் தாளத்தைச் சேர்த்துக்கொண்டு பல்லவியை வாங்கிப் பாடுவார்கள். நடுவில் ஆட்டம் நடக்கும்.

கூட்டத்துக்குப் பிடித்திருந்தால் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுவார். அன்று முதல் அது அவர் கைவசம் உள்ள பாட்டுகளில் ஒன்றாகிவிடும். எடுபடாவிட்டால் அதோடு விட்டுவிடுவார். மறுபடி பாட மாட்டார். நன்றாகக் கட்டுகிறவர் என்று பெயர் வாங்கியவர்களும் இருந்தார்கள். ஆனாலும் பாட்டு அவர்களுக்கு மட்டும் உரியதென்று யாரும் ஒதுங்கவில்லை. எல்லாரும் பாடினார்கள், எல்லாரும் கேட்டார்கள்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் உறுதியாக இருந்தது. ஆட்டக்களத்தில் அடுத்தவர் கட்டிய பாட்டை யாரும் பாடுவதில்லை. அவரவர் பாட்டு அவரவருக்கு. இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். ஓர் ஆள் இறந்தால், வாழ்நாள் முழுவதும் அவர் சேர்த்துவைத்த பாட்டுகளுக்குக் குரல் போய்விடும். மக்கள் செழிப்பாக இருக்கும் வரை அதனால் நட்டமில்லை. போன பாட்டுக்கு ஈடாகப் பிள்ளைகளின் புதுப் பாட்டுகள் வந்துகொண்டே இருக்கும். மக்களே அருகிப்போனால்?

அதுதான் நடந்தது. 1858-ல் ஆங்கிலேயர்கள் போர்ட் பிளேரில் கைதிகள் குடியிருப்பை அமைத்தபோது, கிரேட் அந்தமானியர் சுமார் 5,000 பேர் இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. தட்டம்மையும் மேகநோயும் வெளியாட்களோடு வந்தன. 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961-ல் வெறும் 19 பேர். எஞ்சியவர்களை 1970 வாக்கில் அரசு ஸ்ட்ரெயிட் தீவில் குடியமர்த்தியது. பத்து மொழிகளும் ஒன்றோடொன்று கலந்து, இளையவர்கள் அந்தமான் இந்திக்கு மாறினார்கள். ஆட்டமும் அரங்கேற்றமும் நின்றுபோயின.

பாட்டியின் குரல்

போவா பாட்டிக்குக் குழந்தைகள் இல்லை. பெற்றோர் போன பிறகு பல பத்தாண்டுகள், தன் தாய்மொழியில் ஒரு வார்த்தை பேசவும் அவருக்கு ஆள் இல்லை. பறவைகளோடு ‘போ’ மொழியில் பேசிக்கொண்டிருப்பார். பறவைகள் தங்கள் முன்னோர்கள் என்பது அந்த மக்களின் நம்பிக்கை. அதனால் பாட்டிக்கு அது சொந்தக்காரர்களோடு பேசுவதுதான். 2004 டிசம்பர் 26 சுனாமியையும் அவர் பிழைத்துக் கடந்தார்.

டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் மொழியியல் பேராசிரியர் அன்விதா அப்பி, சுனாமிக்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்த மக்களோடு இருந்து அவர்களுடைய மொழியைப் பதிவு செய்தார். பேச்சு வழக்கிலிருந்தே மறைந்துவிட்ட சொற்கள் போவா பாட்டியின் நினைவில் இருந்தன, பாட்டுகளும் இருந்தன. அவர் பாடப் பாட ஒலிப்பதிவு ஆனது. நாவ் ஜூனியர் என்பவர் கதைகளைச் சொன்னார். அப்பியின் அகராதியும் இலக்கண நூலும் 2012, 2013 ஆண்டுகளில் வந்தன; 2013-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2021-ல் பத்துக் கதைகளும் 46 பாட்டுகளும் அடங்கிய தொகுப்பு நூல் வெளியானது. 5,000 பேர் ஆளுக்கொரு பாட்டாகக் கட்டிய உலகத்திலிருந்து அந்த நூலில் ஏறியவை இவ்வளவே.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஈ.எச். மேன் என்ற இன்னோர் அதிகாரி 1880-களில் எழுதியது இது: அந்தமானியப் பாட்டுகளில் தாளம்தான் முதல், தாளத்துக்காகச் சொல்லை நீட்டுவார்கள், குறுக்குவார்கள், வரிசையை மாற்றுவார்கள். கேட்பவர்களுக்கே புரியாமல் போவதால், பாட்டைக் கட்டியவர் சாதாரணப் பேச்சில் பொருள் சொல்லியாக வேண்டும். ஆக, குரலை மட்டும் பிடித்துவைத்தால் பாதிப் பாட்டுதான் கிடைக்கும். மீதிப் பாதி, பாடியவர் பக்கத்தில் உட்கார்ந்து “இது என்ன, இது யாரைப் பற்றி?” என்று கேட்பதில் இருக்கிறது. அப்பியின் உழைப்பின் பெரும்பகுதி அப்படிக் கேட்டதுதான்.

நம் வீட்டுக் கணக்கு

பாட்டு எல்லாருக்கும் சொந்தம் என்ற வாழ்க்கை தமிழர்களுக்கும் அந்நியமில்லை. நாற்று நட்ட பெண்கள் அந்தந்த வயலில் நின்று வரி சேர்த்தார்கள். தாலாட்டில் தன் தம்பி பெயரை நுழைத்துக் குழந்தைக்கு மாமன் பெருமை பாடினாள் தாய். இழவு வீட்டில் செத்தவர் குணத்தையும் தன் குறையையும் அந்த நிமிடத்திலேயே ஒப்பாரியாகக் கட்டி அழுதாள் பாட்டி. இவர்கள் யாரும் தங்களைக் கவிஞர் என்றோ பாடகி என்றோ சொல்லிக்கொண்டதில்லை. தலைமுறைகளாக அந்தமானில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும், கப்பலேறி வந்த மூதாட்டிகளின் தாலாட்டை நினைவில் வைத்திருப்பவர்கள் இருக்கக்கூடும்.

தமிழ் சாகப்போவதில்லை, அந்தப் பயம் நமக்கு வேண்டாம். ஆனால் வீட்டுப் பாட்டு சாவதற்கு மொழி சாக வேண்டியதில்லை. பாடியவர் ஒருவர் போதும்.

உங்கள் வீட்டில் பாடுகிற பெரியவர் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்காருங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். யார் கட்டியது, எந்த ஊர், எப்போது பாடுவது, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டு எழுதிவையுங்கள். பதிவின் நகலை உறவுக்காரர்கள் நாலைந்து பேருக்கு அனுப்பிவையுங்கள். அதோடு நிற்காமல், வேலை செய்துகொண்டே நீங்களும் ஒரு வரி கட்டிப் பாருங்கள். பாட்டுக் கட்ட யாருடைய அனுமதியும் தேவையில்லை.