கோதுமைப் பத்தியமும் முடிவு சொல்லாத பரிசோதனையும்

பாலராமபுரத்துச் சாலியர் தெருக்களிலிருந்தும், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட எல்லைக் கிராமங்களிலிருந்தும் என்னிடம் வருகிற ரோகிகளுள், சில வருஷ காலமாக ஒரு புது வகையினர் பெருகி வருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் துணிக்கடைப் பை நிறைய ரத்தப் பரிசோதனைத் தாள்கள் இருக்கும். எண்டோஸ்கோபிப் படங்கள் இருக்கும். குடலிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை ஆராய்ந்தவர், ‘அறிகுறிகளோடு ஒப்பிட்டு நிர்ணயம் செய்யவும்’ என்று கடைசி வரியில் எழுதிக் கைகழுவிய அறிக்கையும் இருக்கும். இவ்வளவும் இருந்தும், கோதுமையால் குடலின் உட்சுவர் தேயும் சீலியாக் நோய் தமக்கு உண்டா, இல்லையா, கோதுமை சாப்பிடலாமா, கூடாதா என்ற ஒரே கேள்விக்கு மட்டும் அந்தப் பையில் விடை இராது.

சென்ற மழைக்காலத்தில் வந்த நெசவாளர் வீட்டுப் பெண்மணி ஒருவருக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். இரண்டு வருஷமாக நாளைக்கு நாலைந்து தடவை வயிற்றுப்போக்கு. இரும்புச்சத்து மாத்திரைகளை அட்டை அட்டையாக விழுங்கியும் ஏறாத ரத்தம். தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டிய தளர்ச்சி. வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு, எட்டு மாதம் கோதுமையைத் தொடாமல் இருந்திருக்கிறார்; வயிறு பாதி அடங்கியிருக்கிறது; அதற்குப் பிறகுதான் பரிசோதனைக்குப் போயிருக்கிறார். சீலியாக் நோய்க்கான டி.டி.ஜி. என்னும் ரத்தச் சோதனையின் எண் சாதாரண அளவில் நின்றது. குடல் துணுக்கில் லேசான மாறுதல் மட்டும் தென்பட்டது. உண்டென்று ஒரு வைத்தியரும், இல்லையென்று மற்றொருவரும் சொல்லி அனுப்ப, இரண்டுக்கும் நடுவில் நின்று அவர் அழுத அழுகையே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

அரிசி தின்கிற நாட்டிலா இந்த நோய்?

“சோறும் மரச்சீனிக் கிழங்கும் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள், கோதுமை ரொட்டி தின்கிற வடநாட்டாருக்கு வருகிற தீனம் எங்களுக்கு எப்படி வரும்?” என்று படித்தவர்களே கேட்கிறார்கள். கேள்வியில் பாதி நியாயம் உண்டு. நம் நாட்டின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளிலும் 23,000-க்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்து, டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும், டில்லி எய்ம்ஸைச் சேர்ந்த டாக்டர் கோவிந்த் மகாரியா முதலானோரும் 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் வடக்கே ஆயிரத்துக்குப் பன்னிரண்டு பேருக்கும் தெற்கே ஆயிரத்துக்கு ஒருவருக்கும் இருப்பதாகக் கண்டார்கள். அதே ஆராய்ச்சியின் வேறொரு பகுதியைத்தான் நான் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கிறேன். இந்நோய்க்கு இடங்கொடுக்கும் பரம்பரைக் கூறு வடக்கத்தியருக்கு எவ்வளவு உண்டோ, ஏறக்குறைய அதே அளவு, அதாவது மூவரில் ஒருவருக்கு மேல், தெற்கத்தியருக்கும் இருந்தது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை 455 கிராம், தெற்கே 25 கிராம். வித்து இரு நிலத்திலும் ஒரே அளவில் கிடக்கிறது. நீர்தான் இங்கே குறைவாகப் பாய்ந்துவந்தது.

அந்த நீர் இப்போது பாயத் தொடங்கியிருக்கிறது. திருவிதாங்கூர் விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனியைப் பரப்பிய 1880-களிலிருந்து கிழங்கையும் கஞ்சியையும் நம்பி வாழ்ந்த இந்தச் சீமையில், சர்க்கரை வியாதிக்காரர் வீட்டில் இரவுச் சோறு போய்ச் சப்பாத்தி வந்தாயிற்று. காலையில் கோதம்புப் புட்டு, மாலையில் ரஸ்க், இரவில் பரோட்டா என்று மூன்று வேளையும் கோதுமையாகவே கழிக்கிற இளைஞர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

ஆனால் நோய் இங்கே அரிதாகவே இருப்பதால், வடக்கே எழுதப்பட்ட நிர்ணய முறையை அப்படியே எடுத்து இங்கே பிரயோகித்தால் ஏமாந்துபோவோம். குடலின் உட்சுவர் தேய்ந்து காணப்படுவதற்கு நம் பக்கத்தில் வேறு காரணங்கள் பல உண்டு. 1960-களில் வேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் கொள்ளைநோய் போலப் பரவியதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் பேக்கரும் டாக்டர் மாத்தனும் ஆராய்ந்த ‘வெப்பமண்டல ஸ்ப்ரூ’ என்னும் வியாதி, துணுக்கில் பார்த்தால் சீலியாக் போலவே இருக்கும். அதற்குப் பத்தியம் வேண்டாம், ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் சில மாதங்கள் போதும். ஜியார்டியா என்னும் நுண்ணுயிர் உண்டு. குடல் காசநோய் உண்டு. ரத்த அழுத்தத்துக்குப் பலர் வருஷக்கணக்கில் சாப்பிடும் ஓல்மிசார்ட்டன் என்னும் மாத்திரை கூடச் சிலருக்கு இதே கோலத்தை உண்டாக்கும் என்பது 2012-இல் வெளிப்பட்டது. இவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு ஆயுள் முழுவதும் கோதுமையை விலக்கி வாழ்பவர் பட்டினி கிடப்பவருக்குச் சமானம். உண்மை நோய் உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

முதலில் பத்தியம், பிறகு சோதனை

பாவை அவிழ்த்துச் சுருட்டிவைத்த பிறகு, எந்த இழை அறுந்திருந்தது என்று தேடுகிற நெசவாளி எவரும் இல்லை. கோதுமையை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுச் சோதனைக்கு வருகிறவர்கள் அதைத்தான் எங்களைச் செய்யச் சொல்கிறார்கள். கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தைக் கண்டு சரீரம் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் ரத்தச் சோதனை அளக்கிறது; குளூட்டன் உள்ளே போகாவிட்டால் மாதங்களில் அது வடிந்துவிடும்; குடலும் மெல்லத் தேறிவிடும்; பிறகு வருகிற ‘இல்லை’ என்ற விடையை நம்ப இடமில்லை.

டி.டி.ஜி., அதோடு ஐ.ஜி.ஏ. என்னும் எதிர்ப்பொருளின் மொத்த அளவு, தேவையானால் சிறுகுடலிலிருந்து குறைந்தது நாலைந்து துணுக்குகள்: சோதனை இவ்வளவே.

இதில் இரண்டு பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. ஐ.ஜி.ஏ. பிறவியிலேயே குறைந்தவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு நோய் இருந்தும் டி.டி.ஜி. எண் உயராது. மரபணுச் சோதனையில் ‘உண்டு’ என்று வந்ததைக் கையில் வைத்துக்கொண்டு, நோய் உறுதியாகிவிட்டதென்று கலங்கி வருகிறவர்களும் இருக்கிறார்கள். மூவரில் ஒருவருக்கு மேல் இருக்கிற கூறு அது என்பதை மேலே சொன்னேன். அந்தச் சோதனையில் ‘இல்லை’ என்று வந்தால்தான் அதற்கு மதிப்பு. வந்தால் சீலியாக் பயத்தை ஏறக்குறைய விட்டுவிடலாம். நான் சொன்ன பெண்மணிக்கு ‘உண்டு’ என்றே வந்தது. ஆகவே அதனால் ஒன்றும் தெளியவில்லை.

மறுபடியும் கோதுமை சாப்பிட்டு, சோதனையைத் திரும்பச் செய்வதே அவருக்கிருந்த வழி. தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை ஆகாரம், குறைந்தது ஆறு வாரம் என்று பிரிட்டன் நாட்டு விதி சொல்கிறது. தாங்க முடியாதவர்களுக்கு, நாளைக்கு ஒன்றிரண்டு சப்பாத்தியாக இரண்டு வாரமாவது வேண்டும். கஷ்டம்தான், அடங்கின வயிறு மறுபடி கிளம்பும். வைத்தியர் பார்வையில் அன்றிச் செய்யத் தகாத காரியம் இது. எட்டு மாதத்துக்கு முன் ஒரே ஒரு நாள் ரத்தம் கொடுத்திருந்தால் இந்தக் கஷ்டம் தேவைப்பட்டிராது என்று எண்ணும்போது எனக்கு வருத்தத்தோடு கோபமும் வருகிறது.

கைவிஷம், பார்லிக் கஞ்சி, மருந்துக்கடை மாத்திரை

“டாக்டரே, பிள்ளைக்கு ஆரோ கைவிஷம் குடுத்திருக்காவ, அதுதான் சோறு உடம்புல ஒட்டமாட்டேங்கு” என்று அந்தப் பெண்ணின் தாயார் என்னிடம் சொன்னார். உண்டது உடம்பில் ஒட்டாமல் போவதைத் தன் கண்ணால் கண்ட ஒரு தாய், தான் அறிந்த ஒரே பெயரை அதற்குச் சூட்டியதில் தவறு காண எனக்கு மனமில்லை. ஆனால், சோற்றில் யாரோ கலந்து கொடுத்ததாக நம்பும் அந்தக் கைவிஷத்தை எடுக்கிறோமென்று ரத்தம் வற்றிய பெண்ணுக்கு வாந்தி மருந்து கொடுப்பதையும், அந்த ஓட்டத்தில் ஐந்தாறு மாதம் கழிவதையும் நான் எப்படிப் பொறுப்பேன்?

அடுத்தது பார்லிக் கஞ்சி. ரத்தக்குறைவால் கால் வீங்கியவுடன், நீர் இறங்கட்டும் என்று வீட்டிலுள்ளோர் அன்போடு பார்லி காய்ச்சிக் கொடுக்கிறார்கள். சீலியாக் நோயாளிக்குப் பார்லியும் கோதுமைக்குச் சமமே. கோதுமையை நிறுத்தியும் குணமில்லை என்று சொன்ன ஒருவரைத் துருவித் துருவிக் கேட்டபோது, காலையும் மாலையும் பார்லித் தண்ணீரும் மால்ட் பானமும் தவறாமல் குடித்து வந்தது தெரிந்தது. மைதா கிழங்கு மாவுதானே என்று கேட்கிறவர்களும் உண்டு. அது வெள்ளையாக்கப்பட்ட கோதுமையேதான். கல்யாண விருந்தில் பால் பாயசத்தோடு இலையில் விழும் போளியும், சாயாக்கடை ஏத்தங்காய் அப்பமும் மைதாவே. கூட்டுப் பெருங்காயத்தில் மாவு கலந்திருப்பதும், அது ரசத்திலும் சாம்பாரிலும் நாள் தவறாமல் சேர்வதும் எத்தனை பேர் நினைவுக்கு வருகிறது? பரோட்டா புரட்டிய கல்லிலேயே வார்த்த தோசையும் அப்படித்தான்.

எல்லாவற்றிலும் என் பொறுமையைச் சோதிப்பது மருந்துக்கடை மாத்திரை. போக்கை நிறுத்த ஒன்று, பூச்சிக்கு ஒன்று, வாயுவுக்கு ஒன்று என்று சீட்டில்லாமல் வாங்கி, மூன்று நாள் தின்று, நின்றதும் விட்டு, மறுமாதம் மறுபடி வாங்குகிறார்கள். ஸ்ப்ரூவோ ஜியார்டியாவோ இருந்தால், இந்த அரைகுறை வைத்தியத்தில் பாதி அடங்கிப் பதுங்கிக்கொள்ளும். பிறகு எந்தச் சோதனை செய்தாலும் முகம் காட்டாது.

“கோதுமையை விட்டதும் சுகமாயிற்று, ஆகவே எனக்குச் சீலியாக்தான்” என்கிற வாதமும் நில்லாது. பரோட்டாவை விட்டவர் அதன் எண்ணெயையும், ராத்திரி பத்து மணிச் சாப்பாட்டையும் சேர்த்தே விட்டிருக்கிறார். கோதுமையில் குளூட்டன் தவிர ஃப்ரக்டான் என்றொரு சர்க்கரைப் பொருளும் இருக்கிறது. வெங்காயத்திலும் பூண்டிலும் இருப்பது அதுவே. நார்வேயின் ஆஸ்லோவில், சீலியாக் இல்லாமலே கோதுமை ஒவ்வாது என்று நம்பியவர்களுக்கு, இன்னதென்று சொல்லாமல் குளூட்டனையும் ஃப்ரக்டானையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தபோது, அவர்களை அதிகம் வருத்தியது ஃப்ரக்டானே என்று 2018-இல் வெளியிட்டார்கள். மேனி தேறியதைக் கண்டு காரணத்தைத் தேடுவது நல்ல வழிதான்; ஹாலந்து நாட்டுக் குழந்தை வைத்தியர் டிக்கே, 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காதபோது தேறிய குழந்தைகள் ரொட்டி வந்ததும் மறுபடி நலிந்ததைக் கண்டு, முன்பே தமக்கிருந்த சந்தேகம் வலுப்பெற்றவர். எனினும் அவர் நிறை பார்த்து, மலத்தில் கழிந்த கொழுப்பை அளந்து, 1950-இல்தான் தம் ஆய்வேட்டை எழுதினார்.

விடை தெரியாத காலத்தில்

எல்லாம் செய்த பிறகும் சந்தேகம் தீராதவர்கள் சிலர் உண்டு. அவர்களை வெறுங்கையோடு அனுப்பலாகாது. மற்ற காரணங்களைத் தேடிக் கழித்த பின், ஆறு வாரம் கறாரான பத்தியம் இருக்கச் சொல்கிறேன். ஆரம்பத்திலேயே நிறை, ஹீமோகுளோபின், நாளைக்கு எத்தனை தடவை போகிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். முடிவில் கோதுமையைத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு நிலைக்கும் பேதம் தெரியாவிட்டால் பத்தியத்தை விட்டுவிட வேண்டும். கடைசிப் படியை மட்டும் எவரும் செய்வதில்லை. பயத்தால் வருஷக்கணக்காகத் தொடர்கிறார்கள். மற்றவர் வீட்டில் கை நனைக்க அஞ்சுகிறார்கள்.

இந்தப் பத்தியத்துக்கு நம் ஊரைப் போல் வசதியான ஊர் வேறில்லை. சோறு, கஞ்சி, ஆப்பம், இடியப்பம், அரிசிப் புட்டு, மரச்சீனி, சக்கை, ஏத்தங்காய், கேழ்வரகு எல்லாம் நமக்கு வழக்கமான ஆகாரமே. ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்ட விலையுயர்ந்த பிஸ்கோத்துக்கு நெசவாளி தன் கூலியைக் கொட்ட வேண்டியதில்லை. பொட்டலம் வாங்கியே தீர வேண்டுமானால், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படாத குளூட்டன் உள்ளதற்கே அந்தப் பெயர் என்பது நம் நாட்டு உணவுச் சட்டம்.

அந்தப் பெண்மணி ஆறு வாரம் கோதுமை தின்று திரும்பி வந்தார். இம்முறை டி.டி.ஜி. பன்மடங்கு உயர்ந்திருந்தது, துணுக்கும் ஒத்துப்போயிற்று. பெயர் தெரிந்த அன்று, வாழ்நாள் பத்தியம் என்று கேட்டும் அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். எல்லாருக்கும் இப்படி முடிவதில்லை.

கைகூப்பிக் கேட்கிறேன்

இந்நோய் வராமல் தடுக்க மருந்தோ ஊசியோ இல்லை. தாமதத்தைத்தான் தடுக்கலாம். ஒரு மாதத்துக்கு மேல் வயிறு போனால், மாத்திரை தின்றும் ரத்தம் ஏறாவிட்டால், பிள்ளை வயதுக்குத் தக்கபடி வளராவிட்டால், தயவுசெய்து காத்திருக்க வேண்டாம். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அரசாங்க ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. அதற்கு மேல் வேண்டியது திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் கிடைக்கும். வீட்டில் ஒருவருக்கு நோய் நிச்சயமானால், பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு அது இருக்கக்கூடும். வெட்கப்படாமல் அவர்களையும் அழைத்து வாருங்கள்.

வரும்போது பழைய தாள்களைக் கொண்டு வாருங்கள். தின்ற மாத்திரைகளின் வெற்று அட்டைகளையும் எறியாமல் எடுத்து வாருங்கள். டி.டி.ஜி. சோதனைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. முந்தின இரவு வீட்டில் சப்பாத்தி போட்டால், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், அதையும் சாப்பிட்டுவிட்டே வாருங்கள்.