ஈட்டர் உலையும் பொருட்சோதனை குறித்த ஐயங்களும்

தென்பிரான்சின் கதராஷில் எழுப்பப்பட்டு வரும் ஈட்டர், அணுக்கரு இணைவு ஆய்வுக்கான பன்னாட்டு உலையாகும். 50 மெகாவாட் ஆற்றலைப் பிளாஸ்மாவிற்குள் செலுத்தி 500 மெகாவாட் இணைவு ஆற்றலைப் பெறுவது இதன் இலக்கு. இவ்விலக்கு எட்டப்படுமா என்பதே மிகுதியும் விவாதிக்கப்படுகிறது. உலைச் சுவர் தாங்குமா என்னும் வினா அதனினும் கடினமானது.

டியூட்டிரியமும் டிரிடியமும் இணையும்போது வெளிப்படும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கை, 14.1 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய நியூட்ரான் கொண்டு செல்கிறது. மின்னூட்டம் அற்ற துகளாதலின் காந்தப்புலம் அதனைத் தடுப்பதில்லை. சுவருக்குள் புகும் நியூட்ரான் உலோக அணுக்களை இடம்பெயர்க்கிறது. அணுக்கரு வினைகளால் உலோகத்திற்குள்ளேயே ஹீலியத்தையும் தோற்றுவிக்கிறது. பிளவு உலைகளிலும் அணுக்கள் இடம்பெயர்வதுண்டு. ஆயின், அதே அளவு இடப்பெயர்வுக்கு எஃகில் உருவாகும் ஹீலியம் இணைவு உலையில் பன்மடங்கு கூடுதலாகும். இவ்வளிமம் குமிழ்களாகத் திரள்வதால் எஃகு வீங்கி, நொறுங்குந்தன்மை அடையக்கூடும். எனவே, பிளவு உலையில் தேறிய எஃகு இணைவு உலைக்கும் தகுதியுடையதென்று கொள்ள இயலாது. கல்பாக்கம் இந்திராகாந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் பங்களிப்புடன் உருவான இந்தியக் குறைகதிரியக்க எஃகிற்கும் இது பொருந்தும்.

ஐயுறுவோரின் வாதம் இங்குத்தான் வலுப்பெறுகிறது. ஈட்டர் தன் ஆயுள் முழுவதும் இயங்கினாலும் சுவரின் ஓரணு சராசரியாக ஏறத்தாழ மூன்று முறைக்கு மேல் இடம்பெயராது. அடுத்து வரவுள்ள மின்னுற்பத்தி மாதிரி உலைகளிலோ 20 முதல் 50 முறை வரை எதிர்பார்க்கப்படுகிறது. ஈட்டரின் வெற்றி பிளாஸ்மாவிற்குச் சான்றாகுமேயன்றி, அவ்வுலைகளின் எஃகிற்குச் சான்றாகாது. இக்குறையை நிரப்பவே ஸ்பெயினின் கிரனடாவிற்கு அருகில் தனி நியூட்ரான் மூலம் அமைக்கப்படுகிறது. டியூட்டிரான் கற்றையை ஓடும் திரவ லித்தியத்தின்மீது மோதச் செய்து, இணைவையொத்த நியூட்ரான்களைப் பெறுவது அதன் முறை. அங்கும் சிறு மாதிரித் துண்டுகளே முதன்மையாகச் சோதிக்கப்படும். பற்றவைத்த முழு உறுப்பின் நடத்தையை அவற்றிலிருந்து உய்த்துணர வேண்டியுள்ளது.

சுவர்ப்பொருள் மாற்றமும் நோக்கத்தக்கது. ஈட்டருக்கெனத் திட்டமிட்ட பெரிலியம், டங்ஸ்டன் ஆகியவற்றாலான சுவர், இங்கிலாந்தின் ஜெட் உலையில் 2011 முதல் சோதிக்கப்பட்டது. பின்னர் ஈட்டர் பெரிலியத்தைக் கைவிட்டு, முதற்சுவர் முழுவதற்கும் டங்ஸ்டனைத் தெரிவு செய்தது. பெரிலியத்தின் நச்சுத்தன்மையையும் விரைந்த தேய்மானத்தையும் எண்ணின் இம்முடிவு தக்கதே. எனினும், பிளாஸ்மாவில் கலக்கும் சிறிதளவு டங்ஸ்டனும் ஆற்றலைக் கதிர்வீச்சாக வெளியேற்றி அதனைக் குளிர்விக்கும். இதற்கு மாற்றாகச் சுவரில் போரான் பூசும் ஏற்பாடு சேர்க்கப்பட்டுள்ளது. ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் உலை முழு டங்ஸ்டன் சுவருடன் 2007 முதல் இயங்கிய பட்டறிவு இதற்குத் துணையாகிறது. ஆனால் அங்கு டிரிடியம் பயன்படுத்தப்படவில்லை. 2024இல் வெளியான திட்டத்தின்படி, ஈட்டரில் டிரிடியச் சோதனைகள் 2039இல்தான் தொடங்கும். மாதிரி உலைகளுக்கான வடிவமைப்புப் பணிகளோ பல நாடுகளில் இப்போதே நடைபெற்று வருகின்றன.