அட்டையில் எழுந்த ஊரார்

கடையிலிருந்து பொருள் வந்த அட்டைப் பெட்டியைப் பொருளை எடுத்துக்கொண்டதும் எடைக்குப் போட்டுவிடுகிறோம். கல்லும் மரமும் வெண்கலமும் சிற்பத்துக்கு உரியவை, அட்டை குப்பைக்கு உரியது என்பது நம் எண்ணம். அவ்வெண்ணத்தை மாற்றக்கூடிய கலைஞர் ஒருவரைப் பற்றி இன்று சிறிது பேசுவோம். அவர் பெயர் வாரன் கிங். சீன மரபில் வந்தவர், அமெரிக்காவில் வளர்ந்தவர்.

முதலில் அட்டையின் இயல்பை அறிவோம். நெளிவுத் தாள் செய்யும் முறைக்கு 1856-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் உரிமை பெற்றனர். அன்று அது உயரமான தொப்பிகளின் உட்புறத்துக்கே பயன்பட்டது. 1871-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் ஜோன்ஸ் அதைப் பொருள்களைச் சுற்றிக் காக்கப் பயன்படுத்தினார். 1874-இல் ஆலிவர் லாங் நெளிவுடன் தட்டைத் தாளை ஒட்டி உறுதி கூட்டினார். இன்றைய பெட்டியில் இரு தட்டைத் தாள்களுக்கு நடுவே நெளிந்த தாள் ஒன்று இருப்பதைக் கிழித்துப் பார்த்தால் காணலாம்.

அந்நெளிவுகளை நிமிர்த்தி நிறுத்தினால் அவை தூண்களைப்போல் பாரம் தாங்கும்; அவற்றின் போக்கிலேயே மடித்தால் அட்டை எளிதில் வளையும். மேல்தாளை உரித்தால் வரிவரியான பரப்பு வெளிப்படும். அதை முதுமையின் சுருக்கமாகவோ ஆடையின் மடிப்பாகவோ ஆக்கலாம். கொலுவில் நாம் வைக்கும் காகிதக்கூழ் பொம்மை அச்சில் வார்க்கப்படுவது. அட்டைச் சிற்பமோ வெட்டியும் வளைத்தும் ஒட்டியும் உருவாவது. ஆதலின் ஒவ்வொரு வளைவையும் கலைஞர் முன்கூட்டியே எண்ணிப் பார்த்தாக வேண்டும். ஈரம் ஒன்றே இதற்குப் பெரும்பகை.

கிங் முதலில் தம் குழந்தைகள் விளையாட அட்டையில் முகமூடிகள் செய்தார். 2010-ஆம் ஆண்டு அவர் சீனத்தில் தம் முன்னோர் வாழ்ந்த சிற்றூருக்கு முதன்முறையாகச் சென்றார். பல பத்தாண்டுகளுக்கு முன் ஊரைவிட்டு நீங்கிய தம் பாட்டனாரையும் பாட்டியாரையும் நினைவில் வைத்திருந்தவர்களை அங்கே சந்தித்தார். அதன்பின் அவ்வூர் மக்களை ஆளுயர உருவங்களாக அட்டையில் அமைக்கலானார். இடம்பெயர்ந்ததால் அறுந்துபோன உறவைப் புரிந்துகொள்ளும் முயற்சியே அவருடைய இப்பணி.

ஊரைவிட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இச்செய்தி அயலானதன்று. நம் குழந்தைகளுக்குத் தாத்தாவின் ஊர் விடுமுறையில் சில நாள் கண்ட இடம். பேரக் குழந்தைகளுக்கோ அது வெறும் பெயராகவே நின்றுவிடலாம். நம்மை இன்னாரின் பிள்ளை என்று அடையாளம் சொல்லக்கூடிய முதியவர்கள் அவ்வூர்களில் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். கிங் சென்றபோது அத்தகையோர் சிலரேனும் எஞ்சியிருந்தனர். சில ஆண்டுகள் தாழ்த்திருந்தால் அவர்களும் இல்லாது போயிருக்கக்கூடும்.

ஆகவே அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது குழந்தைகளையும் உடன் அழைத்துச் சென்று, திண்ணையில் இருக்கும் பெரியவரிடம் சிறிது நேரம் அமரச் செய்வோம். வீடு திரும்பிய பின் ஓர் அட்டைப் பெட்டியும் கத்தரிக்கோலும் பசையும் அவர்கள் கையில் கொடுத்து, தாங்கள் கண்ட முகம் ஒன்றைச் செய்யச் சொல்வோம்.